தலையாட்டினால் போதும்

"நாப்பத்திரண்டாயிரம்னு கஸ்தூரி சொல்லுச்சு. நெசந்தானுங்க மேடம்?" என்று ருக்குமணி கேட்டு வாய் மூடவில்லை, உள்ளே அடுப்பில் பால் பொங்கிச் சொய்யென்றது. "அய்யய்யோ!" என்று முந்தானையை வாரிச் செருகிக்கொண்டு ஓடியவள் நிலைப்படியில் திரும்பி, "இருங்க, டீயப் போட்டுக் கொண்டாந்தர்றேன், அப்பறம் சொல்லுங்க" என்றுவிட்டு உள்ளே போனாள். கோகிலவாணி தலையை ஆட்டத்தான் போனாள். பாதி ஆட்டியும் விட்டாளோ என்னவோ. ஆனால் பார்க்க வேண்டியவள் அடுப்படிக்குப் போய்விட்டாளே, யாரும் பார்க்காமல் ஆட்டிய தலை எதில் சேரும்? பால் மட்டும் பொங்காமல் இருந்தால் இந்நேரம் காரியம் முடிந்திருக்கும். ஆமாங்க்கா என்று ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, ஃபைலைத் திறந்து ஒரு கையெழுத்து, அடுத்த பஸ். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. கேள்வி வரும், தலை ஆடும், நடுவில் மூச்சு விடக்கூட இடம் இருக்காது. இன்றைக்கு நடுவில் ஒரு டீ வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. யோசனை என்கிற சனியன் இந்த மாதிரிச் சந்தில்தானே நுழையும். ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஊர். ஜன்னல் வழியாகத் தீவன வாசனையும் எச்சத்தின் நெடியும் மாறி மாறி வந்தன. சிமெண்ட் அட்டைக் கூரை வழியாக மே மாத வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது. ருக்குமணி பக்கத்துப் பண்ணையில் முட்டை பிரிக்கிறவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், இப்போது நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறார், 'நீயே பாத்து ஒரு முடிவெடு' என்று போனில் சொல்லிவிட்டார். ப்ளஸ் டூ முடித்த அவர்களுடைய மகள் நிரஞ்சனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலேஜ் கொடுத்த வழவழப்பான புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். கோகிலவாணிக்கு இந்தப் பெண்ணைத் தான் பாடம் நடத்துகிற இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் வேலை தங்கும். அவ்வளவுதான் விஷயம், இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

நாற்பத்திரண்டாயிரம் சம்பளம் பொய் என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. மாதம் பிறந்தால் பேங்கில் விழுகிறது, டிங் என்று ஃபோனில் மெசேஜ் வருகிறது, வேண்டுமானால் எடுத்துக் காட்டலாம், காட்டியும் இருக்கிறாள். போன வருஷம் பின் வீதியில் கஸ்தூரி வீட்டில் அப்படித்தான் காட்டினாள். கஸ்தூரி அந்த எண்ணைத் தொட்டுக்கூடப் பார்த்தாள், கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பண்டத்தைத் தொடுகிறாற்போல. மறுவாரமே அவள் மகள் மோனிஷா சேர்ந்துவிட்டாள். மெசேஜ் வருவதுவரை உண்மை. அதற்கு மறுநாள் காலேஜ் வாசல் ஏடிஎம்மில் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், சிவில் என்று பேதமில்லாமல் அத்தனை வாத்தியார்களும் வரிசையில் நிற்பார்களே, அதை யாரிடம் சொல்வது? எடுத்ததில் பெரும்பாதியைப் பழுப்புக் கவரில் போட்டு அக்கவுண்ட்ஸ் அறை மேஜையில் வைத்துவிட்டு வர வேண்டும். கவரில் பெயர் எழுதக் கூடாது. எழுதாவிட்டாலும் வைக்காதவர் யார் என்று அங்கே சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு பேங்க் காகிதம், நிர்வாகத்துக்குக் கவர், ஆக இரண்டு தரப்புக்கும் திருப்தி. ஸ்டாஃப் ரூமில் இதற்கு மொய் என்று பெயர். 'மேடம், மொய் வெச்சாச்சா?' என்று கேட்டுக்கொள்வார்கள், சிரிப்பும் வரும், என்ன செய்வது, சிரித்தால் கொஞ்சம் லேசாக இருக்கிறதே. யாருடைய கல்யாணத்துக்கு இந்த மொய் என்றுதான் யாரும் கேட்பதில்லை. முதல் மாதம் கோகிலவாணி இதை விளையாட்டு என்று நினைத்தாள். கிளார்க் சொன்னதும் சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. கையில் நிற்பது பதினெட்டு. பதினெட்டு என்று வாய்விட்டு எங்கேயும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது. தெரியாததால், மிச்சப் பணமெல்லாம் மருமகளின் அம்மா வீட்டுக்குப் போகிறது என்று அந்தம்மா ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. போகட்டும், அந்தக் கணக்கையாவது யாரோ ஒருவர் நம்பிக்கையோடு போடுகிறார். உள்ளே இஞ்சி நசுக்கும் சத்தம் கேட்டது, டொக் டொக்கென்று. இஞ்சி போடுகிறாள். வந்தவளை மதித்துத்தான் போடுகிறாள்.

"மிஸ்" என்றாள் நிரஞ்சனா. ப்ளஸ் டூ வரைக்கும் மிஸ், காலேஜில் சேர்ந்த மறுநாளே மேம் ஆகிவிடும், இந்தப் பெண் இன்னும் மிஸ்ஸில் நிற்கிறாள். "அன்னிக்கு எங்க ஸ்கூல்ல இருந்து பஸ்ல கூட்டிட்டுப் போனாங்கள்ல, உங்க லேப்ல ஒரு டப்பால பச்சைக் கோடு ஆடுச்சே. அதுல மைக்கைக் குடுத்து ஆன்னு சொல்லச் சொன்னாங்க. எல்லாப் பசங்களும் கத்தினாங்க. நான் மெதுவாத்தான் சொன்னேன். எனக்கு மட்டும் கோடு அடர்த்தியா வந்துச்சு மிஸ். அது ஏன்?" கோகிலவாணிக்கு ஒரு கணம் என்ன வேலையாக வந்தோம் என்பதே மறந்து போயிற்று. இதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள்கூட இன்டர்னல் மார்க் எவ்வளவு என்றுதான் கேட்கும். "உன் குரல் கீச்சுக்குரல் கண்ணு, அதனாலதான். குரல் மேல போகப் போக அலை நெருங்கி நெருங்கி வரும். பசங்க குரல் கட்டை, அது அகலமா, சோம்பேறியா வரும்" என்றாள். "அப்ப கத்தறதுக்கும் அடர்த்திக்கும் சம்பந்தம் இல்லையா?" "இல்ல. கத்தினா உயரமா வரும். அவ்ளோதான்." நிரஞ்சனா அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் பிடிபட்டது தெரிந்தது. இதே முகம் கோகிலவாணிக்கும் இருந்தது, சேலத்தில், முதல் வருஷ லேபில், அதே பச்சைக் கோட்டுக்கு முன்னால். அன்று அவள் சாப்பிடாமல் நின்று பார்த்தாள், லேப் உதவியாளர் விளக்கை அணைக்கும்வரை. அதற்கு என்ன விலை? எந்த மெசேஜில் அது டிங் என்று விழும்? உலகத்தில் காற்றே இல்லாத இடத்தில்கூட ரேடியோ அலை போகும் என்று தெரிந்துகொண்ட ஒரு பெண்ணும் தெரிந்துகொள்ளாத ஒரு பெண்ணும் ஒரே சம்பளம் வாங்கினால் இரண்டு பேரும் ஒன்றா? ஒன்று இல்லை, ஒன்றே இல்லை என்று மனசு அடித்துச் சொல்கிறது. உடனே அதே மனசு, அப்படியானால் அதை ருக்குமணியிடம் சொல்லேன், அலை போகும்க்கா, பொண்ணை அனுப்புங்க என்று சொல்லிப் பாரேன் என்று பழிப்பும் காட்டுகிறது.

நிரஞ்சனா மடியில் இருந்த பக்கத்தில் படிக்கட்டுப் படம் இருந்தது. அதைப் போட்டவன் யாரோ, நன்றாகத்தான் போட்டிருந்தான். கீழ்ப்படியில் பத்தாவது படித்தவன் தலையில் துண்டோடு நிற்கிறான், அடுத்த படியில் ப்ளஸ் டூ, அதற்கு மேல் டிகிரி, உச்சியில் கோட்டும் டையும் போட்ட இன்ஜினியர். படிக்குப் படி ரூபாய் மூட்டை பெருத்துக்கொண்டே போகிறது. பட்டதாரிகளின் சராசரி வருமானம் என்று அடியில் எழுதியிருந்தது. சராசரி! அஞ்சு பேர் உட்கார்ந்த பந்தியில் ஒருவனுக்கே அஞ்சு சாப்பாட்டையும் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சாப்பாடு என்று கணக்கு எழுதினால் அது தப்பும் இல்லை, ரைட்டும் இல்லை. கோகிலவாணியோடு படித்த ஒருத்தி அமெரிக்காவில் இருக்கிறாள், படத்தில் உச்சிப்படியில் நிற்பது அவள்தான். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று படம் வரைகிறவனுக்கு யார் சொல்வது? ஒருத்தி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், ஒருத்தி பேங்க் பரீட்சைக்கு இன்னமும் படித்துக்கொண்டே இருக்கிறாள், ஒருத்தி, சரி, ஒருத்தி இங்கே ருக்குமணி வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீக்குக் காத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் தயாரிக்கிற கம்பெனியின் பஸ் வருகிறதாம். ப்ளஸ் டூ முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஹாஸ்டலில் தங்க வைத்து, சோறு போட்டு, பதினேழாயிரம் தருகிறார்களாம். பதினேழு! எம்.இ. படித்துப் பத்து வருஷம் பாடம் நடத்தினவளுக்கும் இந்தச் சின்னப் பெண்ணுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆயிரம், அதுவும் அங்கே சோறு இலவசம். இந்தப் பெண் காலேஜுக்குப் போனால் நாலு வருஷம் சம்பாதிக்காமல் இருப்பாள், ஃபீஸ் வேறு. கம்பெனிக்குப் போனால் இன்றைக்கே கையில் காசு. ஆனால் அங்கே எத்தனை நாள்? கண்ணும் விரலும் இளசாக இருக்கிறவரை வைத்துக்கொள்வார்கள், கொஞ்சம் வயசானால் அனுப்பிவிடுவார்கள், அப்போது கையில் என்ன இருக்கும், ப்ளஸ் டூ சர்டிபிகேட். சரி, என்னை ஜூனில் அனுப்பிவிட்டால் என் கையில் என்ன இருக்கும், எம்.இ. சர்டிபிகேட். ரெண்டில் எது கனம்? ரெண்டும் லேமினேட் செய்ததுதான். யோசனை அங்கே போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது, மறுபடி அதே இடத்தில் போய் முட்டியது.

ஜூனில் அனுப்பிவிடுவார்கள் என்பது வெறும் பயம் இல்லை. போன ஜூனில் சிவில் டிபார்ட்மெண்ட் ஜெயசுதன் சாரைக் கூப்பிட்டு, 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்' என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள்! அவர் பிள்ளை பிடிக்கத் தெரியாதவர். மே மாதம் பிறந்தால் வாத்தியார்கள் எல்லாருக்குமே வேலை அதுதான், சர்க்குலரில் அட்மிஷன் பணி, ஸ்டாஃப் ரூமில் பிள்ளை பிடிக்கிறது. ஊர் ஊராகப் பிரித்துக் கொடுப்பார்கள், ப்ளஸ் டூ பிள்ளைகளின் ஃபோன் நம்பரும் கொடுப்பார்கள், ஆளுக்கு இத்தனை தலை என்று சொல்லிவிடுவார்கள். ஜெயசுதன் சார் ஒரு வீட்டுக்குப் போய், உங்க பையனுக்கு சிவில் வேண்டாங்க, எங்க காலேஜும் வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வந்தாராம். கேட்டபோது எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள், வாணியும்தான். பைத்தியக்கார மனுஷன், ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை? அவர் இப்போது டாக்சி ஓட்டுகிறார். வாணிக்கு இந்த வருஷம் ஒரு தலை குறைகிறது. அந்தத் தலை இதோ எதிரே கட்டிலில், எண்ணெய் வைத்து வாரிப் பின்னி, புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. உள்ளே டம்ளர் கழுவுகிற சத்தம். சீக்கிரம் வந்துவிடுவாள். அப்பா நினைவு எதற்கு இப்போது வருகிறது? மகுடஞ்சாவடியில் அப்பா வைத்திருந்த மளிகைக்கடையை விற்றுத்தான் அவளை எம்.இ. படிக்க வைத்தார். விற்ற கடையிலேயே இப்போது சம்பளத்துக்குப் பொட்டலம் மடிக்கிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், 'எம் பொண்ணு புரொபசருங்க, நாப்பத்திரண்டாயிரம்' என்று சொல்லிக்கொண்டே மடிக்கிறார். கடையை விற்றதில் அவருக்குத் திரும்பி வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். போட்ட முதலுக்கு லாபம் அது. அவரிடம் போய்ப் பதினெட்டு என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கடை இரண்டாம் தடவையும் கையை விட்டுப் போன மாதிரி ஆகிவிடாதா? அதனால்தான் அவள் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லாமல் இருக்கப் பழகியதில் வீடு வீடாகப் போய்த் தலையாட்டுவதும் பழகிவிட்டது. அது பொய் மாதிரியே தெரியவில்லை, அப்பாவின் மானத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கோகிலவாணிக்குச் சட்டென்று கண் கலங்கிற்று. ச்சே, அட்மிஷனுக்கு வந்த இடத்தில் அழுதால் நன்றாக இருக்கும்! கைப்பையில் கர்ச்சீஃப் தேடினாள்.

"மிஸ், நீங்க மட்டும் ஆமான்னு சொல்லிட்டா அம்மா ஒத்துக்கும்" என்று நிரஞ்சனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நேத்து ராத்திரியே சொல்லுச்சு. கஸ்தூரி அத்தை சொன்னது நெசமான்னு அந்த மேடத்துகிட்டயே கேட்டுப்புட்டு, நெசம்னா சேத்தி விட்டர்றேன்னு சொல்லுச்சு. எனக்கு அந்தக் கம்பெனி வேண்டாம் மிஸ். நாள் பூரா நின்னுட்டே ஒரே ஒரு ஸ்க்ரூவாம். கவிதா அக்கா போயிட்டுக் காலு வீங்கி வந்துச்சு." இதோ, கேட்டுக்கொள், என்று கோகிலவாணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அம்மா கேட்கிறாள், மகள் கெஞ்சுகிறாள், காலேஜ் காத்திருக்கிறது, வீட்டில் யூ.கே.ஜி. ஃபீஸ் காத்திருக்கிறது. எல்லாக் கையும் ஒரே பக்கம் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் தள்ளுகிற கை ஒன்றுகூட இல்லை. உண்மையைச் சொன்னால் யாருக்கு நல்லது? இந்தப் பெண்ணுக்கு ஸ்க்ரூ, எனக்கு ரெஸ்ட். தலையாட்டினால் ஒரு பெண் படிப்பாள், படித்தவள் எங்காவது மேலே வந்தாலும் வருவாள், எல்லாரும் என்னை மாதிரியா ஆகிவிடுகிறார்கள்? ஆமாம், அதுதான் சரி, ஆட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்து கழுத்தை ஒருமுறை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கழுத்து நன்றாகத்தான் இருந்தது.

ருக்குமணி டீயோடு வந்தாள். வீட்டில் இருந்த ஒரே பீங்கான் கப்பை மேடத்துக்குக் கொடுத்தாள், தனக்கு எவர்சில்வர் டம்ளர். எதிரே தரையில் உட்கார்ந்து, ஊதிக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பாலு பாதி போயிருச்சுங்க. தண்ணி சாஸ்தியா இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

"நல்லா இருக்குதுக்கா."

"இந்தப் பொஸ்தகத்தை நாலு தடவை காட்டிட்டா. எனக்கு என்னமோ நம்பிக்கை வரலீங்க. படத்துல போட்டவன் யாரோ, அவனை நான் கண்டனா? நீங்க அப்படியில்லீங்க. நீங்க எம் முன்னால உக்காந்திருக்கீங்க. இதே படிப்பைப் படிச்சிருக்கீங்க. பொம்பளைப் பிள்ளையாவும் இருக்கீங்க. நீங்க வாங்கறீங்கன்னா எம் பொண்ணும் வாங்குவாள்னு எடுத்துக்கறேன். உங்களைப் பாத்துத்தான் மேடம் அவளை அனுப்பறேன். எனக்கு வேற கணக்கு தெரியாது. நீங்க தலையை ஆட்டினீங்கன்னாப் போதும்."

கோகிலவாணி கப்பைக் கீழே வைத்தாள். ஆட்டப் போனாள், சத்தியமாக ஆட்டத்தான் போனாள். இதுவரை எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் படத்தைப் பார்த்தார்கள், மெசேஜைப் பார்த்தார்கள், கட்டடத்தைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்து யாரும் பிள்ளையைக் கொடுத்ததில்லை. படத்தின் உச்சியில் நிற்கிற கோட்டுக்காரனை இறக்கிவிட்டு இந்தம்மா அவளைத் தூக்கி அங்கே நிறுத்துகிறாள். அங்கே நிற்க அவளுக்குக் கால் கூசியது.

"பேங்குல விழறது நாப்பத்திரண்டுதாங்க்கா" என்றாள். "கையில நிக்கிறது பதினெட்டு."

ருக்குமணிக்குப் புரியவில்லை. "லோனு ஏதாச்சும் புடிக்கிறாங்களா?"

"லோன் இல்லக்கா. மிச்சத்தை எடுத்து காலேஜுக்கே திருப்பிக் குடுத்தரணும். எல்லாரும் குடுக்கறோம்."

"ஏனுங்க?"

"குடுக்கலைன்னா வேலை இருக்காது."

நிரஞ்சனா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ருக்குமணி மகளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் முதல் முறையாக டீயை ஒரு வாய் குடித்தாள்.

"உங்க வூட்ல தெரியுங்களா?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கப்பாவுக்குத் தெரியாது."

"சொல்லாதீங்க" என்றாள் ருக்குமணி உடனே. "பெத்தவங்க தாங்க மாட்டாங்க."

கோகிலவாணி சுதாரித்துக்கொண்டு, அவசர அவசரமாகப் பேசினாள். பெண் கெட்டிக்காரி, கேள்வி கேட்கத் தெரிந்த பெண், கம்பெனிக்கு அனுப்பாதீர்கள், ராசிபுரம் கவர்மெண்ட் காலேஜில் ஃபிசிக்ஸ் இருக்கிறது, ஃபீஸ் பேருக்குத்தான், நானே அப்ளிகேஷன் போட்டுத் தருகிறேன் என்றெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, பத்து நிமிஷம் முன்னால் தலையாட்டியிருந்தால் இத்தனை பேச்சுக்கு வேலையே இல்லையே என்றும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ருக்குமணி முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அதைப் படிச்சு முடிச்சா என்னங்க கெடைக்கும்?" என்றாள்.

பதில் சொல்ல வாணி வாயைத் திறந்தாள். இந்தப் பெண் மேலே எம்.எஸ்ஸி. போகலாம், பி.எட். போகலாம், எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில், எங்கேயாவது ஒரு காலேஜில், வேறு ஒரு மேஜையில் வேறு ஒரு கவர். "தெரியலக்கா" என்றாள்.

"தெரியலைன்னு சொல்றீங்க பாருங்க, அதுவே பெருசுங்க" என்று ருக்குமணி எழுந்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில், அதுதான் தாங்கவில்லை. "அவங்கப்பாகிட்டச் சொல்லிர்றேன். ஞாயித்துக்கெழமை பஸ் வருதாமா. ரெண்டு வருஷம் போயிட்டு வரட்டும், அவ கல்யாணத்துக்காச்சும் ஆகும். நீங்க மட்டும் உள்ளதைச் சொல்லலைன்னா ஃபீஸுக்கு நான் வீட்டை அடமானம் வெச்சிருப்பனுங்க மேடம். நீங்க நல்லா இருக்கோணும்." உள்ளே போய், பண்ணையில் கொடுத்த கீறல் முட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை, கையைப் பிடித்துத் திணித்தாள். "கண்ணு, மேடத்தை பஸ் ஏத்திவுட்டுட்டு வா" என்றாள்.

வீதியில் வெயில் இன்னும் தணியவில்லை. இரண்டு பேரும் வேலமர நிழல் விழுந்த ஓரமாகவே நடந்தார்கள். கோகிலவாணிக்கு உள்ளே ஒரு லேசு இருந்தது, அதை மறைப்பானேன். வேலை போனது போனதுதான், ஜூனில் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்வார்கள், ஜெயசுதன் சாரிடம் டாக்சி எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், இருந்தாலும் வாய் திறந்து ஒரு இடத்தில் சொல்லியாயிற்று. ஒரு தாய் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் தப்பித்தாள். நல்லா இருக்கோணும் என்றும் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை யாரும் அப்படி வாழ்த்தியதில்லை. பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்காரப் போனவள், பக்கத்தில் நிற்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றாள். நிரஞ்சனா அழவில்லை. அழுது முடித்த முகமும் இல்லை. கணக்குப் போடும்போது ஒரு வரியில் இடறி நிற்கிற பிள்ளையின் முகம்தான் அது.

"மிஸ், மோனிஷா அக்கா வீட்ல நாப்பத்திரண்டுன்னுதான சொன்னீங்க?"

"ஆமா கண்ணு."

"மெசேஜெல்லாம் காட்டுனீங்களாம்."

"ஆமா."

"எங்க வீட்ல மட்டும் எதுக்கு மிஸ் உள்ளதைச் சொன்னீங்க?"

கோகிலவாணி முட்டைப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். "உங்கம்மா என்னை நம்பிட்டாங்கடா" என்றாள். "அவ்வளவு நம்பினவங்ககிட்ட எப்படி மறைக்கறது?"

நிரஞ்சனா அதையும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அப்ப கஸ்தூரி அத்தை உங்களை நம்பலையா மிஸ்?"

பஸ் வந்துவிட்டது. நிரஞ்சனாதான் கையைக் காட்டி நிறுத்தினாள்.